பழைய கோப்புகளும் புதிய மென்பொருளும்

ஓர் அலுவலகத்தின் பதிவறையில் ஐம்பது ஆண்டுகளுக்கு முன் பேனாவினால் எழுதப்பட்ட மழையளவுப் பதிவேடு ஒன்று இருக்குமாயின், அதனை இன்று எடுத்துப் படிப்பதற்குக் கண்ணும் எழுத்தறிவுமே போதும். செல்லரித்த ஓரங்கள் நீங்கலாக, மற்றவை யாவும் எழுதியவர் எழுதியபடியே நம் முன் நிற்கும். இருபது ஆண்டுகளுக்கு முன் கணினியில் தட்டச்சுச் செய்து சேமித்த பதிவேட்டின் கதி வேறு. ஓர் எழுத்தும் குன்றாமல் அக்கோப்பு வட்டில் இருக்கலாம். எனினும் அதனைப் படித்துக் காட்டும் மென்பொருள் மறைந்துவிட்டால், அது இருந்தும் இல்லாததற்கு ஒப்பாகும். காகிதப் பதிவேடு தனித்து வாழும். கணினிக் கோப்போ தன்னைப் படிக்கும் மென்பொருளின் துணையின்றி வாழாது. இவ்வேற்றுமையே இக்கட்டுரையில் கூறப்படும் அனைத்துக்கும் அடிப்படையாகும்.

இதனை இப்பொழுது ஆராய்வதற்குத் தக்க காரணம் உண்டு. 2025ஆம் ஆண்டு அக்டோபர் 14ஆம் நாளுடன் விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கும், மைக்ரோசாப்ட் ஆபீஸ் 2016, 2019 ஆகிய பதிப்புகளுக்கும் அந்நிறுவனம் அளித்துவந்த வழக்கமான ஆதரவு முடிவுற்றது. பாதுகாப்புத் திருத்தங்கள் வாராத மென்பொருளைத் தொடர்ந்து உபயோகிப்பது, தாழ்ப்பாள் பழுதான கதவை நம்பி உறங்குவதைப் போன்றது. ஆகவே புதிய பதிப்புக்கு மாறுவது அவசியமே. ஆனால் மாறுவதற்கு முன், நம்மிடம் குவிந்துள்ள பழைய கோப்புகள் புதிய வீட்டில் குடிபுக முடியுமா என்பதை அறிந்துகொள்ளுதல் வேண்டும்.

கோப்பின் உள்ளே இருப்பது யாது?

கணினிக் கோப்பு என்பது எண்களின் நீண்ட வரிசையே. எந்த எண் எழுத்தைக் குறிக்கும், எந்த எண் தடித்த எழுத்தையோ அட்டவணைக் கோட்டையோ குறிக்கும் என்பது ஓர் உடன்பாட்டைப் பொறுத்தது. இந்த உடன்பாட்டையே கோப்பு வடிவம் என்கிறோம். உடன்பாடு மாறினால், அதே எண்கள் பொருளற்றவையாகிவிடும்.

வேர்டு என்னும் ஆவணம் எழுதும் மென்பொருளின் வரலாற்றில் இம்மாற்றம் பன்முறை நிகழ்ந்துள்ளது. வேர்டு 97 பதிப்பு புதியதொரு வடிவத்தை மேற்கொண்டது. அதில் எழுதிய கோப்புகளை முந்திய வேர்டு 95 பதிப்பினால் நேரே திறக்க இயலவில்லை. தனியே ஒரு மாற்றி தேவைப்பட்டது. 'டாக்' என்ற விகுதியுடைய அவ்வடிவம் 2003 பதிப்பு வரை நிலைத்தது. 2007 பதிப்பில் 'டாக்எக்ஸ்' என்னும் முற்றிலும் வேறான வடிவம் வந்தது. பழைய வடிவத்தின் உள்ளமைப்பு மென்பொருளுக்கு மட்டுமே விளங்கும் எண் கோவையாகும். புதியதோ, பல சிறு கோப்புகளை ஒன்றாகச் சுருக்கிக் கட்டிய பொதி. அதனுள் எழுத்துப் பகுதி, மனிதரும் படிக்கத்தக்க எக்ஸ்.எம்.எல். குறிமொழியில் அமைந்திருக்கிறது.

இதே காலத்தில் உடன்பாடுகளைப் பொதுவுடைமையாக்கும் முயற்சியும் வலுப்பெற்றது. திறந்த ஆவண வடிவம் எனப்படும் ஓ.டி.எஃப். 2005இல் தரமாக வெளியிடப்பட்டு, 2006இல் சர்வதேசத் தரமாக ஏற்கப்பட்டது. டாக்எக்ஸ் வடிவத்துக்கு அடிப்படையான தரம் 2008இல் அந்நிலையை அடைந்தது. அவ்வாண்டிலேயே பழைய டாக் வடிவத்தின் விவரக்குறிப்பும் வெளியிடப்பட்டது. ஓர் உடன்பாடு எழுத்தில் வெளியாகிவிட்டால், அதனைப் படிக்கும் மென்பொருளை எவரும் இயற்றலாம். 2010இல் தோன்றிய லிப்ரெஆபீஸ் போன்ற இலவச மென்பொருள்கள் பழைய வடிவங்கள் பலவற்றை இன்று திறக்கவல்லவையாக இருப்பது இப்பொதுமையின் பயனே. மத்திய அரசு 2010இல் மின்னாட்சிக்கான திறந்த தரங்கள் பற்றிய கொள்கையை வெளியிட்டதும், ஒரு நிறுவனத்தின் தயவில் அரசின் ஆவணங்கள் நிற்கலாகாது என்ற நோக்கத்தை உட்கொண்டதேயாகும்.

அணாவும் பைசாவும்

மாற்றம் என்பது நம் நாட்டுக்குப் புதிதன்று. 1957ஆம் ஆண்டு ஏப்ரல் 1ஆம் நாள் தசம நாணயமுறை நடைமுறைக்கு வந்தது. பதினாறு அணா கொண்ட ரூபாய் நூறு நயா பைசா கொண்ட ரூபாயாயிற்று. அன்று பழைய நாணயங்களை உடனே ஒதுக்கிவிடவில்லை. சில காலம் அணாவும் நயா பைசாவும் சேர்ந்தே புழங்கின. மாற்று அட்டவணைகள் மக்கள் கைக்கு வந்தன. இரண்டும் அறிந்தவர் எங்கும் இருந்த அக்காலத்திலேயே மாற்றம் செய்யப்பட்டமையால், கணக்குகள் குழம்பாமல் தப்பின.

இதில் கவனிக்கவேண்டிய மற்றொன்றும் உண்டு. ஓர் அணாவுக்கு ஆறேகால் பைசா. கால் பைசா நாணயம் இல்லாமையால், அதனை முழு எண்ணாக்க வேண்டியிருந்தது. ஒரு முறையிலிருந்து மற்றொரு முறைக்கு மாற்றும்பொழுது, மிகச் சிறிதாயினும் ஏதோ ஒன்று சிந்திப்போகும் என்பதற்கு இது சான்று. கோப்பு மாற்றமும் அத்தகையதே. சிந்துவது யாது என்று முன்னரே அறிந்து காத்துக்கொள்வதே திறமை.

கோப்புகளின் உலகிலும் இத்தகைய இடைக்காலப் பாலம் ஒன்று இருந்தது. வேர்டு 2000, எக்ஸ்பி, 2003 ஆகிய பதிப்புகளை வைத்திருந்தோர் புதிய டாக்எக்ஸ் கோப்புகளைத் திறக்க உதவும் இணக்கப் பொதி ஒன்று இலவசமாக வழங்கப்பட்டது. 2018இல் அது நிறுத்தப்பட்டது. பாலங்கள் என்றும் நிலைத்திருப்பதில்லை. அவை இருக்கும்பொழுதே கடந்துவிடல் வேண்டும்.

எவை சிந்துகின்றன?

முதலாவதாகச் சூத்திரங்களைக் கூறலாம். கணிதம், பௌதிகம், இரசாயனம் கற்பிக்கும் ஆசிரியர்கள் தம் வினாத்தாள்களில் சமன்பாடுகளை எழுதுவதற்கு ஈக்வேஷன் எடிட்டர் 3.0 என்னும் சிறு கருவியைப் பல்லாண்டுகள் உபயோகித்தனர். அதில் பாதுகாப்புக் குறைபாடு காணப்பட்டதால், 2018 ஜனவரியில் மைக்ரோசாப்ட் அதனை ஆபீஸிலிருந்து நீக்கியது. அதன் பிறகு பழைய வினாத்தாளைத் திறந்தால் சமன்பாடு கண்ணுக்குப் புலப்படும். ஆனால் அக்கருவியைக்கொண்டு அதனைத் திருத்த இயலாது. இதற்கு மறுதலையாக, புதிய முறையில் எழுதிய சமன்பாடுள்ள ஆவணத்தைப் பழைய டாக் வடிவத்தில் சேமித்தால், அது வெறும் படமாகிவிடும். எண்ணை மாற்றி அடுத்த ஆண்டு வினாத்தாள் தயாரிக்க நினைக்கும் ஆசிரியர், முழுவதையும் மீண்டும் எழுத நேரும்.

இரண்டாவது பக்க அமைப்பு. ஆவணத்தில் குறித்த எழுத்துரு கணினியில் இல்லையாயின், மென்பொருள் அதற்கு ஈடாக வேறொன்றை எடுத்துக்கொள்ளும். எழுத்துகளின் அகலம் சற்றே வேறுபட்டாலும், ஒரு பக்கத்தில் அடங்கிய படிவம் இரண்டாம் பக்கத்துக்கு வழிந்துவிடும். கையொப்பமிடும் இடம் தனியே போய் நிற்கும். தட்டச்சுப் பொறியில் பழகியவர்கள் இடைவெளிக் கட்டையை மீண்டும் மீண்டும் அழுத்திப் பத்திகளை நேராக்குவதுண்டு. அவ்வாறு அமைத்த படிவங்களே முதலில் குலையும். அட்டவணையாக அமைத்தவை பெரும்பாலும் நிலைகுலையாமல் வரும்.

மூன்றாவது எண்ணிக்கை வரம்பு. எக்செல் அட்டவணை மென்பொருளின் பழைய 'எக்ஸ்எல்எஸ்' வடிவம் ஓர் அட்டவணையில் 65,536 வரிசைகளை மட்டுமே ஏற்கும்; புதிய வடிவம் 10,48,576 வரிசைகளை ஏற்கும். இவ்வேற்றுமை மனித உயிரோடு தொடர்புடையதாகக்கூடும் என்பதை 2020ஆம் ஆண்டு காட்டிற்று. அவ்வாண்டில் இங்கிலாந்தின் பொதுச் சுகாதார அமைப்பு, ஆய்வுக்கூடங்களிலிருந்து வந்த கொரோனா பரிசோதனை முடிவுகளைப் பழைய எக்ஸ்எல்எஸ் வடிவத்தில் ஏற்றிவந்தது. வரம்பைக் கடந்த வரிசைகள் அட்டவணையில் ஏறாமற் போயின. செப்டம்பர் 25 முதல் அக்டோபர் 2 வரையில் 15,841 நோயாளிகளின் விவரம் அன்றாடக் கணக்கிலிருந்து விடுபட்டது. அவர்களோடு பழகியவர்களைத் தேடி எச்சரிக்கும் பணியும் அதனால் தாமதமாயிற்று. அங்கே கணினி பழுதடையவில்லை. எவரும் தவறான எண்ணை எழுதவுமில்லை. பழைய வடிவத்தின் எல்லையை ஒருவரும் கவனிக்கவில்லை, அவ்வளவே. களத்திலிருந்து பட்டியல்களைத் திரட்டி மேலிடத்துக்கு அனுப்பும் பணியாளர் ஒவ்வொருவரும் மனத்திற்கொள்ளவேண்டிய பாடம் இது. அனுப்பிய வரிசைகள் எத்தனை, பெறப்பட்டவை எத்தனை என்று ஒருமுறை ஒப்பிட்டிருந்தால் பிழை அன்றே வெளிப்பட்டிருக்கும்.

எழுத்துருவின் மாயம்

இந்திய மொழிகளில் எழுதுவோருக்கு மேற்கூறியவற்றினும் பெரிய இடர் ஒன்று உண்டு. திரையில் தெரியும் எழுத்து வேறு, கோப்பில் உறையும் எண் வேறு என்பதே அது.

கணினிகள் இந்திய எழுத்துகளை அறியாதிருந்த நாட்களில் ஓர் உபாயம் கையாளப்பட்டது. ஆங்கில எழுத்துகளுக்குரிய எண்களின் மேல் நம் எழுத்துகளின் வடிவங்களைப் பொருத்தி எழுத்துருக்கள் செய்யப்பட்டன. இந்தியில் கிருதி தேவ், தமிழில் பாமினி ஆகியவை இவ்வகையின. பாமினி எழுத்துருவில் 'தமிழ்' என்ற சொல்லைத் தட்டச்சுச் செய்தால், கோப்பில் பதிவாகுபவை 106, 107, 112, 111, 59 ஆகிய எண்கள். கணினியின் கணக்கில் இவை ஜே, கே, பி, ஓ என்னும் நான்கு ஆங்கிலச் சிற்றெழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமாகும். அவ்வெழுத்துரு கணினியில் உள்ளவரை கண்ணுக்குத் தமிழ் தெரியும். எழுத்துரு இல்லாத புதிய கணினியில் அக்கோப்பைத் திறந்தால், பக்கம் முழுதும் பொருளற்ற ஆங்கில எழுத்துகளே நிற்கும். கிருதி தேவில் எழுதிய இந்திக் கோப்புகளுக்கும் இதே கதிதான்.

இக்குழப்பத்தை நீக்கும் முயற்சிகள் பல. இந்தியத் தரநிர்ணயப் பணியகம் 1991இல் 'இஸ்கி' என்னும் குறிமுறையைத் தரமாக ஏற்றது. தமிழுக்கெனத் 'தாம்', 'தாப்' என்னும் குறிமுறைகளைத் தமிழ்நாடு அரசு 1999இல் ஏற்றது. உலக மொழிகள் அனைத்துக்கும் தனித்தனி எண்களை வகுத்த யூனிகோடு என்னும் ஒருங்குறி 1991இல் முதன்முதல் வெளிவந்தது. அதனையே தமிழ்நாடு அரசு 2010இல், பதினாறு பிட்டுத் தமிழ் அனைத்தெழுத்துக் குறிமுறையோடு சேர்த்துத் தரமாக ஏற்றது. ஒருங்குறியில் 'தமிழ்' என்ற சொல் 2980, 2990, 3007, 2996, 3021 என்று பதிவாகும். இவ்வெண்கள் தமிழுக்கே உரியவை. எந்த எழுத்துருவை மாற்றினாலும் அவை தமிழாகவே நிற்கும், தேடினால் கிடைக்கும், அகரவரிசைப்படுத்தலாம், பார்வையற்றோருக்குத் திரையைப் படித்துக்காட்டும் மென்பொருளும் அவற்றைத் தமிழாகவே உச்சரிக்கும்.

பழைய எழுத்துருக் கோப்புகளை ஒருங்குறிக்கு மாற்றும் மாற்றிகள் இன்று எளிதில் கிடைக்கின்றன. ஆயினும் அவற்றைக் கண்மூடி நம்புதல் கூடாது. காரணத்தை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவோம். 'கொ' என்பதைப் பாமினியில் கண்ணுக்குத் தெரியும் முறைப்படி ஒற்றைக் கொம்பு, ககரம், கால் என மூன்றாக அடிக்கிறோம். ஒருங்குறியிலோ ககரம் முன்னும் ஒகரக்குறி பின்னுமாக இரண்டே எண்கள். ஆகவே மாற்றி எண்களை மாற்றுவதோடு வரிசையையும் மாற்ற வேண்டும். ஔகாரத்தில் சிக்கல் இன்னும் மிகுதி. அதன் இறுதியில் நிற்கும் குறியும் ளகரமும் ஒரே வடிவாக இருப்பதால், 'கௌரவம்' என்பது 'கெளரவம்' என்றும், 'ஔவை' என்பது 'ஒளவை' என்றும் மாறிவிடுவது வழக்கம். கண்ணுக்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்றே; கணினிக்கோ அவை வெவ்வேறு சொற்கள். 'கௌசல்யா' என்ற பெயரைப் பட்டியலில் தேடும் அலுவலர், அப்பெயர் இல்லை என்ற விடையையே பெறுவார். உதவித்தொகைக்குரிய ஒருத்தியின் பெயர் பட்டியலில் இருந்தும் இல்லையென்றாவது சிறு பிழையாகுமா?

மற்றொரு தொல்லை கலப்பு ஆவணங்களில் நேர்வது. தமிழ் வாக்கியத்தின் இடையே ஓர் ஆங்கிலச் சொல் வந்திருந்தால், மாற்றி அதனையும் பழைய தமிழெழுத்தெனக் கருதிப் பொருளற்ற கோவையாக்கிவிடும். மருந்துப் பெயர்கள், விதை இரகங்களின் பெயர்கள், அளவைக் குறியீடுகள் ஆகியவை இவ்வாறு சிதைய வாய்ப்புண்டு.

கைக்கொள்ளத்தக்க முறை

இவற்றையெல்லாம் கருதி, மென்பொருளை மேம்படுத்துமுன் பின்வரும் முறையைக் கைக்கொள்வது நலம்.

முதலில், இருப்பவற்றைக் கணக்கெடுத்தல் வேண்டும். எந்தக் கோப்பு எந்த வடிவத்தில், எந்த எழுத்துருவில் இருக்கிறது என்று ஒரு பட்டியல் எழுதுக. எழுத்துரு பழையதா என்பதை அறிய எளிய வழி உண்டு. ஆவணத்திலிருந்து ஒரு வரியைப் படியெடுத்து நோட்பேடு போன்ற வெற்றுரை மென்பொருளில் ஒட்டுக. அங்கும் தமிழாகத் தோன்றினால் அது ஒருங்குறி; ஆங்கில எழுத்துகளாக மாறினால் பழைய எழுத்துரு.

அடுத்து, மூலக் கோப்புகள் அனைத்தையும் தொடாமல் இரண்டு பிரதிகள் எடுத்து, இரண்டு இடங்களில் வைத்தல் வேண்டும். பழைய எழுத்துருக் கோப்புகளையும் உடன் சேர்த்து வைக்க. மாற்றங்கள் யாவும் மூன்றாம் பிரதியில் மட்டுமே செய்யப்படுதல் வேண்டும். கடவுச்சொல் இட்ட கோப்புகளிலிருந்து, அச்சொல்லை அறிந்தவர் பணியில் இருக்கும்பொழுதே அதனை நீக்கிவிடுக.

மூன்றாவதாக, எல்லாவற்றையும் ஒருசேர மாற்றாமல், ஒவ்வொரு வகையிலும் சிலவற்றை மாற்றிப் பரிசோதிக்க. பழைய மென்பொருளில் அச்சிட்ட பக்கத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பெயர்கள், எண்கள், சமன்பாடுகள், வரிசைகளின் எண்ணிக்கை ஆகியவற்றை ஒவ்வொன்றாக ஒப்பிடுக. தானியங்கும் கட்டளைகள் அடங்கிய ஆவணங்களைத் தனியே கவனிக்க வேண்டும். சாதாரண டாக்எக்ஸ் வடிவம் அக்கட்டளைகளை ஏற்பதில்லை. பழைய டாக் கோப்பைப் புதிய வேர்டில் திறந்தால், தலைப்பில் 'கம்பாட்டிபிலிட்டி மோடு' என்ற சொற்கள் தோன்றும். கோப்பு இன்னும் பழைய வடிவத்திலேயே இருக்கிறது என்பது அதன் பொருள். வெறுமனே சேமிப்பதால் அது புதிய வடிவமாகிவிடாது.

நான்காவதாக, ஆவணத்தின் பயனுக்கேற்ப வடிவத்தைத் தெரிந்தெடுக்க. மேலும் திருத்தப்படவேண்டியவற்றை ஓ.டி.எஃப். அல்லது டாக்எக்ஸ் வடிவில் வைக்க. இனித் திருத்தப்படாத சான்றிதழ்கள், ஆணைகள், அறிக்கைகள் ஆகியவற்றுக்குப் பி.டி.எஃப்./ஏ என்ற வடிவம் ஏற்றது. நெடுங்காலப் பாதுகாப்புக்கென்றே 2005இல் சர்வதேசத் தரமாக வகுக்கப்பட்ட இது, தேவையான எழுத்துருக்களைத் தன்னுள்ளேயே ஏந்திச் செல்கிறது.

ஐந்தாவதாக, கீழ்நிலை அலுவலகங்களிலோ பள்ளிகளிலோ பழைய மென்பொருளே இருக்குமாயின், அவர்களுக்கெனப் பழைய வடிவத்தில் ஒரு பிரதி அனுப்பலாம். ஆனால் மூலம் ஒரே வடிவத்தில், ஓரிடத்தில் இருத்தல் வேண்டும். ஒரே கோப்பை இரு வடிவங்களுக்கிடையே மாறி மாறிச் சேமித்தால், ஒவ்வொரு முறையும் ஏதேனும் சிந்திக்கொண்டேயிருக்கும்.

வகுப்பறையில் ஒரு பரிசோதனை

கோப்பு வடிவம் என்பதை மாணவர்களுக்கு விளக்க ஆசிரியர்கள் ஓர் எளிய பரிசோதனை செய்து காட்டலாம். சில வரிகளும் ஒரு படமும் கொண்ட டாக்எக்ஸ் ஆவணம் ஒன்றைத் தயாரித்து, அதற்கு ஒரு பிரதி எடுக்க. பெயரின் விகுதி காணுமாறு கணினியை அமைத்துக்கொண்டு, பிரதியின் விகுதியை 'ஸிப்' என்று மாற்றுக. இப்பொழுது அதனைத் திறந்தால், ஒரே ஆவணமாகத் தோன்றியது பல அறைகளுள்ள பெட்டியாகக் காட்சி தரும். 'வேர்டு' என்ற அறையினுள் 'மீடியா' என்ற உள்ளறையில் படம் தனியே இருக்கும். 'டாக்குமென்ட்' என்ற கோப்பை உலாவியில் திறந்தால், குறிமொழியின் இடையே நாம் எழுதிய வரிகளைக் காணலாம். ஒருங்குறியில் எழுதியிருந்தால் தமிழ் தமிழாகவே தெரியும். பாமினியில் எழுதியிருந்தால் ஆங்கில எழுத்துகளின் குவியலே தெரியும். எழுத்துக்கும் அதன் வடிவத்துக்கும் உள்ள வேற்றுமையை ஒரு மணி நேரச் சொற்பொழிவினும் இக்காட்சி நன்கு உணர்த்தும்.

முடிவாகக் கூறத்தக்கது ஒன்றே. பழைய மென்பொருளும் புதிய மென்பொருளும் ஒருங்கே இயங்கும் காலம் குறுகியது. கோப்பை எழுதியவர் பணியில் இருப்பதும், அச்சிட்ட பிரதி அலமாரியில் இருப்பதும், பழைய எழுத்துரு கணினியில் இருப்பதும் அக்காலத்திலேதான். மாற்றத்தைச் செய்வதற்கும் சரிபார்ப்பதற்கும் உரிய பருவம் அதுவே. பழைய கணினியை அகற்ற ஆள் வருவதற்கு முன், அதில் உள்ள ஒரு கோப்பையேனும் புதிய கணினியில் திறந்து, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை ஒப்பிட்டுப் படித்துவிடுங்கள். மற்றக் கோப்புகளின் நிலை என்ன என்பதை அந்த ஒன்றே சொல்லிவிடும்.